கோட் போட்ட பிறகு கல்லாவில் உட்காரலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் வருடம் படிக்கிறேன். வீடு போடி. அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அம்மா வழியில் கேரளத்தில் நெடுங்கண்டம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து கோர்ட்டுக்கும் போவது, கூடவே ஒரு கம்பெனியும் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். வியாபாரிகளையும் வக்கீல்களையும் இணைக்கிற ஒரு ஆப், கேஸுக்கு இவ்வளவு என்று கமிஷன். எங்களில் ஒருவன் இன்ஸ்டாகிராமில் ஏலக்காய் விற்கப் போகிறான். கல்லூரியில் கேட்டால் முதலில் அரியரை முடி என்கிறார்கள். வக்கீல் வேறு தொழில் செய்யவே கூடாது என்கிறார் ஒரு சீனியர், வீட்டு ஆள் பேரில் எதையும் நடத்தலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, எங்களை நாங்களே எப்படித் தயார் செய்துகொள்வது?
மாணவர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, ஆப்பிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் அதிக ஆசையோடு எழுதியிருப்பது அதைத்தான், சிக்கலும் மொத்தமாக அங்கேதான் கிடக்கிறது. வக்கீல் தன் வரும்படியை வக்கீல் அல்லாத ஒருவரோடு பங்கு போடக் கூடாது என்று வக்கீல்களைப் பதிந்து கட்டுப்படுத்துகிற பார் கவுன்சிலின் விதி இருக்கிறது. கம்பெனிக்குக் கேஸுக்கு இத்தனை சதவீதம் என்று கொடுத்தால் அது பங்குதான், கமிஷன் என்று பெயர் வைத்தாலும் சரி, சந்தா என்று வைத்தாலும் சரி. ஆள் வைத்தோ விளம்பரம் செய்தோ கேஸ் பிடிக்கக் கூடாது என்பது 36-ஆம் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்களில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு விலை வைப்பதைக் கடுமையாகச் சாடி, அப்படி விளம்பரம் செய்கிற வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. ஆக, எட்டுப் பேரும் சன்னது, அதாவது வக்கீல் பதிவு, வாங்கிய கையோடு இந்த ஆப்பைத் திறந்தால், முதல் கட்சிக்காரர் வருகிறாரோ இல்லையோ, நோட்டீஸ் வரும்.

இரண்டு சீனியர்கள் சொன்னதில் முதலாமவர் முக்கால்வாசி சரி. இரண்டாமவரைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அந்த ஆள்தான்.

2004-இல், சன்னது வாங்கி இரண்டாவது வருடம், கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். சீனியரிடம் மாதம் கிடைத்தது டீக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருந்தது, கோர்ட்டில் நாள் முழுக்க நகல் எடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கடை வாடகை ஒப்பந்தம் என் பேரில், மெஷின் கடன் என் பேரில், போர்டு மட்டும் வீட்டம்மா பேரில். மதிய இடைவேளையில் கூட்டம் நெருக்கும்போது கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் நானே காகிதம் சொருகிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் எதிர்த் தரப்பு வக்கீல் ஒருவர் வந்து நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டு, சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, "வக்கீலய்யாவுக்கு வக்காலத்தை விட இது நல்லா ஓடுது போல" என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் என்மேல் புகார் மனு. கோட்டோடு மெஷின் முன்னால் நான் நிற்கிற போட்டோவும் அதோடு இணைத்திருந்தது. என்ன பதில் சொல்ல முடியும்? எழுதிக் கொடுத்து, கடையை மூடி, மெஷினைப் பாதி விலைக்குத் தள்ளினேன். கடன் அடைய இரண்டு வருடம் ஆனது. அவர்மேல் எனக்கு அப்போது இருந்த கோபம் இப்போது இல்லை. விதியைப் படிக்காமல் கடை போட்டது என் தப்பு.

அதனால் விதியைச் சொல்லிவிடுகிறேன், பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 47 முதல் 52 வரை, ஆறே ஆறு. மொத்தமும் ஒரு பக்கத்துக்குமேல் போகாது, எட்டுப் பேரும் இன்று ராத்திரியே படித்துவிடலாம். வக்கீல் எந்த வியாபாரத்திலும் நேரடியாக ஈடுபடக் கூடாது. ஆனால் முதல் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாத ஸ்லீப்பிங் பார்ட்னராக இருக்கலாம், அந்த வியாபாரம் வக்கீல் தொழிலின் மரியாதைக்குப் பொருந்தாததாக இல்லை என்று மாநில பார் கவுன்சில் கருத வேண்டும். கம்பெனியில் டைரக்டராகவோ போர்டுக்குத் தலைவராகவோ உட்காரலாம், ஆனால் நிர்வாகப் பொறுப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது, மேனேஜிங் டைரக்டராகவோ செகரட்டரியாகவோ இருக்கவே கூடாது. முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். பரம்பரையாக வந்த குடும்ப வியாபாரத்தில் உங்கள் பங்கு உங்களுக்கே, நடத்துவது மட்டும் வேறு ஆள். பாடம் நடத்தலாம், பத்திரிகையில் எழுதலாம், சட்டத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கலாம், சட்டப் புத்தகம் தொகுக்கலாம், இதற்கெல்லாம் தடையே இல்லை. பகுதிநேர வேலைக்கு பார் கவுன்சிலின் சம்மதம் வாங்க வேண்டும். கோர்ட்டுகள் இதை எவ்வளவு கறாராகப் பார்க்கும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1996-இல் ஒரு டாக்டர், கிளினிக்கையும் நடத்திக்கொண்டு வக்கீலாகவும் பதிந்துகொள்கிறேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் அப்பா கடை விஷயமும் இதற்குள் வருகிறது. பங்கு இருக்கலாம், லாபம் வரலாம். சன்னது வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைதானே என்று கல்லாவில் உட்கார்ந்து பில் போடக் கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், போடியில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தத் தடையெல்லாம் வக்கீலுக்குத்தான், சட்ட மாணவருக்கு இல்லை. எட்டுப் பேரும் சன்னது வாங்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. உங்களில் யாருக்கு வியாபாரம் ரத்தத்தில் ஓடுகிறது, யாருக்குக் கோர்ட்டில் எழுந்து நின்று பேசினால்தான் தூக்கம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். வியாபார ஆட்கள் இரண்டு மூன்று பேர் சன்னது வாங்காமல் கம்பெனியை நடத்தட்டும், மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகட்டும். கம்பெனி செய்கிற வேலை வக்கீல் வேலையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மலையாளப் பத்திரம் மொழிபெயர்ப்பது, வியாபாரிகளுக்கு பில் கணக்கு பார்ப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, இதெல்லாம் வேலைக்கு இவ்வளவு என்று நேர் கூலி வாங்கிச் செய்யலாம். சட்டப் பட்டம் இருந்தால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிய முடியும், வணிகவியல் பட்டதாரி மாதிரியே, அதற்கென்று ஒரு தேர்வு மட்டும் எழுத வேண்டும். என்னிடம் ஆலோசனை கேட்கிற சட்ட மாணவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், கம்பெனிக்கும் உங்கள் வக்கீல் ஆபீஸுக்கும் நடுவில் ஒரு கேஸுக்கு இத்தனை என்று ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

இன்ஸ்டாகிராம் ஏலக்காய்த் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விவசாயி தன் தோட்டத்து விளைச்சலை விற்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வாங்கி விற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதுவும் போடியிலிருந்து கொச்சிக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனைதான், அதற்கு இத்தனை லட்சத்துக்குமேல் விற்றால்தான் பதிவு என்கிற வரம்பும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். சுருக்கமாக வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் மாநிலம் தாண்டி விற்கவே முடியாது. குமுளி தாண்டினாலும் போடிமெட்டு தாண்டினாலும் இதே கதைதான். 50,000 ரூபாய்க்குமேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகிற ஆன்லைன் சீட்டு, வேண்டும். கிலோ ஆயிரக்கணக்கில் போகிற சரக்கு இது, ஒரு மூட்டை ஏற்றினாலே அந்தத் தொகை வந்துவிடும்.

சரி, இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன்: எப்படித் தயார் செய்துகொள்வது.

வக்கீல் தொழிலோடு ஒரு தொழில் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, வக்கீல் ஆபீஸே ஒரு கடைதான், அதை நடத்தவே உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் சொல்லித் தரவில்லை. சரக்கு உங்கள் தலைக்குள் இருக்கிறது, வாடகை, கரண்ட், குமாஸ்தா சம்பளம், தபால், டைப்பிங் எல்லாம் வெளியே போகிறது, வரவு எப்போது வரும் என்று தெரியாது. என் முதல் ஐந்து வருட நோட்டுகளை எடுத்துப் பார்த்தால் வாய்தா தேதி எல்லாம் சுத்தமாக இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்று ஒரு பக்கத்தில்கூட இல்லை. கேஸ் ஜெயித்த பிறகு கட்சிக்காரர் கண்ணில் படவே மாட்டார், பட்டாலும் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, ஃபீஸ் எவ்வளவு என்று நானே தெளிவாகச் சொன்னதில்லை. "பார்த்துப் பண்ணுங்க" என்பார் அவர், "நீங்க பார்த்துக் குடுங்க" என்பேன் நான். இந்த இரண்டு வாக்கியத்தில் எத்தனை வக்கீல் குடும்பம் ரேஷன் கடைக் கியூவில் நின்றிருக்கிறது தெரியுமா.

ஆரம்ப முதலீடு என்று பார்த்தால் இந்தக் கடைக்கு அதிகம் இல்லை. சன்னது பதிவுக் கட்டணம் ஒரு காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் சட்டத்தில் உள்ள தொகைக்குமேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. அதே 2024 ஜூனில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நம் பக்கத்து பார் ரூமில் இதைச் சொன்னதும் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. நான் என் ஜூனியருக்கு 12,000 கொடுக்கிறேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே முதல் இரண்டு வருடத்துக்கு வீட்டிலிருந்து எவ்வளவு வரும், எவ்வளவு நாள் வரும் என்று அப்பாவிடம் உட்கார்ந்து இப்போதே கணக்குப் போடுங்கள். வியாபாரி அவர், இதை உங்களைவிட நன்றாகப் போடுவார்.

இந்தக் கடையில் என்ன சரக்கு விற்பது? இங்கேதான் நம் ஊர் ஆட்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன, வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. காய் அங்கே விளைகிறது, ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது, பணம் கொச்சியிலிருந்தும் வடக்கே இருந்தும் வர வேண்டும், விடியற்காலை ஜீப்பில் ஏறுகிற கூலியாட்கள் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் போகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் காகிதம். இரண்டு பக்கக் காகிதத்தையும் படிக்கத் தெரிந்த வக்கீல்கள் நம் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

ஒன்று காட்டுகிறேன். போன வருடம் ஒரு போடி வியாபாரி வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார், பிரித்ததும் மேசை முழுக்க ஏலக்காய் வாசனை. உள்ளே ஒரு செக், அதன்மேல் பின் அடித்த பாங்க் மெமோ, பணம் போதவில்லை என்று. செக் கொடுத்தவர் எர்ணாகுளத்துக்காரர். மெமோவின் பின்பக்கம் ஏழெட்டு போன் நம்பர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நாளைக்கு", "புதன்", "ஓணம் முடிஞ்சு" என்று எழுதியிருந்தது. ஓணம் முடிந்தும் பணம் வரவில்லை. "கேஸ் போட எர்ணாகுளம் போகணுமா சார்? அதுக்கு இந்தப் பணத்தை விட்டுறலாம்" என்றார். போக வேண்டியதில்லை. 2015-இல் திருத்திய பிறகு, பணம் வாங்க வேண்டியவர் எந்த பாங்க் கிளையில் கணக்கு வைத்து அதில் செக்கைப் போட்டாரோ அந்த எல்லைக்குள் இருக்கிற கோர்ட்டுதான் செக் கேஸை விசாரிக்கும். போடிக் கிளையில் கணக்கு, போடியில் கேஸ், அவர்தான் மலையேறி வர வேண்டும்.

ஆனால் மெமோ தேதியைப் பார்த்தால் நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. பாங்க் சொன்ன முப்பது நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கிடைத்ததிலிருந்து பதினைந்து நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். தவறினால் அதோடு போச்சு என்று பலர் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவரையும் ஒருவர் அப்படி அனுப்பித்தான் என்னிடம் வந்திருந்தார். நான் செக்கைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன், செக் செல்லுபடியாகிற மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. "அண்ணே, நேரா பாங்குக்குப் போங்க, மறுபடி போடுங்க" என்றேன். செல்லுபடியாகிற காலத்துக்குள் செக்கை மறுபடி போட்டுத் திரும்பி வந்தால் அதற்குப் புதிதாக நோட்டீஸ் கொடுத்துக் கேஸ் போடலாம் என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுபடி போட்டார், மறுபடி திரும்பியது, ஐந்தாம் நாள் நோட்டீஸ் போனது, கேஸ் போடாமலே இரண்டு தவணையில் பணம் வந்தது. நான் வாங்கியது நோட்டீஸுக்கு உள்ள ஃபீஸ் மட்டும். பணம் வந்த சந்தோஷத்தில் அவர் பத்து சதவீதம் எடுத்துக்கச் சொன்னார். 20-ஆம் விதி, கேஸின் பலனைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதும் கூடாது. ஜீப் விபத்துக் கேஸ்களில் இந்த ஆசை இன்னும் பலமாக வரும், நஷ்டஈட்டில் கால்வாசி என்று பேசி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஜீப் கவிழ்ந்தது கேரள மலைப்பாதையிலானாலும், அடிபட்டவர் குடியிருக்கிற ஊரின் தீர்ப்பாயத்திலேயே நஷ்டஈடு கேட்க மோட்டார் வாகனச் சட்டம் விடுகிறது.

அந்த வியாபாரி அதற்குப் பிறகு நாலு பேரை அனுப்பினார். விளம்பரம் என்று இந்தத் தொழிலில் இருப்பது இதுதான். 2008-லிருந்து சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ளலாம், பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகைக் கேஸ் பார்ப்பீர்கள் என்பதோடு சரி. கோட்டைப் போட்டுக்கொண்டு ரீல்ஸ் போடுகிற தம்பிகளைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போகிறேன்.

மலையாளம் படிக்கப் பழகுங்கள். பேசுவதைச் சொல்லவில்லை, போடிக்காரருக்குப் பேச வரும், எழுத்தைச் சொல்கிறேன். அம்மாவின் நெடுங்கண்டம் தோட்டத்துக் காகிதங்களே உங்கள் பாடப் புத்தகம். அவர்கள் ஊரில் 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம், நாம் சாட்சிக்குச் சொல்கிற ஆதாரம் இல்லை. 'பட்டயம்' என்றால் நிலத்துக்கு அரசு கொடுக்கிற பட்டா, பாலிடெக்னிக் படிப்பு இல்லை. 'கரம் அடச்ச ரசீது' நிலவரி ரசீது. 'தண்டப்பேர்' என்று நிலவரிக் கணக்கு எண் ஒன்று இருக்கும், வில்லேஜ் ஆபீஸில் எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 'போக்குவரவு' என்றால் பேர் மாற்றம். என்னிடம் இருந்த ஒரு ஜூனியர் 'போக்குவரவு செய்திட்டில்ல' என்று இருந்ததை 'போக்குவரத்து வசதி செய்யப்படவில்லை' என்று அழகாக மொழிபெயர்த்துக் கொண்டுவந்து வைத்தான். நிலம் வாங்கப் போனவர் கம்பத்துக்காரர், "ரோடு இல்லாட்டி பரவாயில்ல, ஜீப்ல போய்க்கலாம்" என்று அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டார். அங்கே விற்கிறவர் பேருக்கே இன்னும் நிலம் மாறவில்லை என்பதுதான் அந்த வரி. அன்றைக்கு அவருக்கு மிச்சமான பணத்தை வைத்துப் பார்த்தால் மலையாள எழுத்துக்கு மதிப்பு போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தமிழ்நாட்டில் பதிந்தாலும் கட்டப்பனையிலோ பீர்மேட்டிலோ ஆஜராகத் தடை இல்லை, வக்கீல்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூனில் அமலுக்கு வந்த பிறகு நாடு முழுக்க அந்த உரிமை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சாட்சியை விசாரிக்க மொழி வேண்டும். ஆகவே அந்தப் பக்கம் நல்ல மலையாளி வக்கீல் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. வக்கீலும் வக்கீலும் ஃபீஸைப் பங்கிடத் தடை கிடையாது.

இன்னொரு சரக்கு, யாரும் தொடாதது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே பட்டாசு வெடித்தது. ஆனால் அந்தப் பேரைத் தன் பெட்டியில் சட்டப்படி போட்டு விற்க, விவசாயி ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். விண்ணப்பம் நிரப்பி, விளைச்சல் விவரம் சேர்த்து, பின்தொடர்ந்து வாங்கித் தர ஆள் வேண்டும். தலைக்கு ஒரு சின்ன நிலையான ஃபீஸ் வைத்துச் செய்கிற வேலை இது, ஜூனியராக இருக்கும்போதே கையில் காசு தரும். தோட்டம் தோட்டமாகப் போய்க் கேன்வாஸ் பண்ணாதீர்கள், அது மறுபடி 36-ஆம் விதி. விவசாயிகள் சங்கம் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் போய்ப் பேசுங்கள்.

பயிற்சிக்கு வழி உங்கள் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. சட்டக் கல்வி விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும், மூன்றாண்டுக்கு 12. எங்கெங்கே போகலாம் என்கிற பட்டியலை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. வக்கீல், நீதிபதி மட்டும் இல்லை, கம்பெனிகள், சந்தை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் அதில் உண்டு. பையன்கள் என்ன செய்கிறார்கள், தெரிந்த சீனியரிடம் நாலு வாரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த நாலு வாரமும் வீட்டில் தூங்குகிறார்கள். என்னிடமும் வருவார்கள், நான் போடுவதில்லை, ஊரில் எனக்கு இதனால் கெட்ட பெயர் உண்டு. உங்களுக்கு மிச்சம் இருக்கிற வாரங்களில் ஒரு பகுதியை ஏலம் நடத்துகிற நிறுவனம் ஒன்றில் கேட்டு வாங்குங்கள். சாம்பிள் எப்படி எடுக்கிறார்கள், லாட் நம்பர் எப்படிப் போகிறது, ஏலம் எடுத்தவர் பணம் கட்டத் தவறினால் யார் யாருக்கு போன் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள், சண்டை எங்கே தொடங்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்னொரு பகுதி ஒரு ஆடிட்டர் ஆபீஸில். மிச்சம் கோர்ட்டில், அதுவும் ஒரு பிஸியான குமாஸ்தாவுக்குப் பக்கத்தில். எந்த ஃபைல் எங்கே தூங்குகிறது என்று சீனியரைவிடக் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

நான்கு செய்முறைத் தாள்களில் ஒன்றின் பெயர் தொழில் ஒழுக்கமும் தொழில்முறைக் கணக்கு வைப்பு முறையும். ஒழுக்கத்துக்கு நோட்ஸ் இருக்கிறது, கணக்கை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் எட்டுப் பேரும் அதைத் தாண்டாதீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள், ஆளுக்கு ஒரு தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, அவருடைய ஒரு மாதத்து பில்லையும் பாக்கி நோட்டையும் எடுத்து உட்காருங்கள். எந்த பாக்கி கேஸ் போடுவதற்கான கெடுவான மூன்று வருடத்தைத் தொடப் போகிறது, எதற்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, எது வெறும் வாய்ப்பேச்சு என்று பிரியுங்கள். கெடு முடிவதற்குள் கடன்காரர் ஒரு வரி 'பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும், அந்த ஒரு வரியை வாங்கித் தெரிந்தவன்தான் வக்கீல். மசாலா அரைத்து பாக்கெட் போடுகிற யூனிட் ஒன்றும் அதில் இருக்கட்டும். அவர்கள் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வைத்திருந்தால், எழுத்தில் எவ்வளவு நாள் பேசியிருந்தாலும் வாங்கினவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உங்கள் அப்பா மாதிரி வாங்கி விற்கிறவருக்கு உத்யம் பதிவு உண்டு, ஆனால் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, பாங்க் கடன் முன்னுரிமை மட்டும்தான். இரண்டு கடை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒருவருக்கு இருக்கிற ஆயுதம் இன்னொருவருக்கு இல்லை. நாலு மாதம் இப்படிக் காகிதம் பார்த்த பிறகு உங்கள் எட்டுப் பேரில் யார் கோர்ட்டுக்கு, யார் கம்பெனிக்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

அரியர் பற்றிக் கல்லூரியில் சொன்னதும் சரிதான், அதையும் முடியுங்கள்.

கடைசியாக, அப்பா கடை தனி உரிமையா பார்ட்னர்ஷிப்பா என்று நீங்கள் எழுதவில்லை. பார்ட்னர்ஷிப் என்றால் அந்தப் பத்திரத்தில் உங்கள் பேர் இருக்கிறதா, இருந்தால் நிர்வாகம் பார்க்கும் பங்குதாரர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சன்னதுக்கு மனுப் போடுவதற்கு முன்பே திருத்தி எழுத வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் ஆபீஸில்தான் இருப்பேன், அந்தப் பத்திரத்தையும் அம்மாவின் கரம் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரசீதை நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.